குழந்தைக் கொடுமை வழக்குகளில் தாயும் தந்தையும்: ஒரு இணையவழிப் பயிற்சி பற்றி

நீதிமன்றத்துக்குக் குடும்பச் சூழல் அறிக்கை எழுதுவது என் வேலை. குழந்தையை அடித்தார், பட்டினி போட்டார், கவனிக்காமல் விட்டார் என்று குற்றம் உறுதியான பிறகு, தண்டனையை முடிவு செய்யும் முன் நீதிபதி படிக்கிற காகிதங்களில் என்னுடையதும் ஒன்று. இந்த வழக்குகளில் பெண்ணுக்கும் ஆணுக்கும் தண்டனை ஏன் வேறுபடுகிறது என்பதை மட்டுமே எடுத்துக்கொண்டு ஒரு இணையவழிப் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் சேர்ந்துவிட்டேன். முடித்தும் விட்டேன். குறைகளையும் சேர்த்தே சொல்லப்போவதால் நடத்துபவர்களின் பெயரை எழுதவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய வகுப்பு இது. வழக்கறிஞர்கள், குழந்தைகள் நலக் குழுக்களில் இருப்பவர்கள், என்னைப் போல அறிக்கை எழுதுபவர்கள் எல்லோருக்கும் பயன்படும். ஆனால் 'பெண்கள் சுலபமாகத் தப்பிக்கிறார்கள்' என்றோ 'பெண்களைத்தான் எப்போதும் வதைக்கிறார்கள்' என்றோ ஏற்கெனவே முடிவு செய்துகொண்டு, அதற்கு ஆதாரம் தேடி வருபவர்களுக்கு ஏமாற்றம்தான் கிடைக்கும். இரண்டுமே நடக்கிறது, சில நேரம் ஒரே வழக்கில் நடக்கிறது என்பதைத்தான் இந்தப் பயிற்சி பொறுமையாகக் காட்டுகிறது.

அமைப்பு எளிமையானது. பதிவு செய்த விரிவுரைகள், படிக்கத் தீர்ப்புகளும் சட்டப் பகுதிகளும், வாரம் ஒரு நேரடி உரையாடல், கடைசியில் ஒரு எழுத்துப் பணி. உரையாடலை நடத்தியவர் ஓய்வுபெற்ற நீதிபதி. குறுக்கே பேசாமல் கேட்பார். யார் என்ன கருத்துச் சொன்னாலும் "கோப்பில் எந்த வரி உங்களை அப்படி நினைக்க வைத்தது?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். அந்தக் கேள்விக்காகவே இந்தப் பயிற்சியில் சேரலாம்.

தொடக்கம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் விரிவுரை ஒரு எண்ணைப் பெரிதாகப் போட்டுத் தொடங்குகிறது. அமெரிக்கத் தண்டனை ஆணையம் 2023ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2017 முதல் 2021 வரையிலான நிதியாண்டுகளில் அந்நாட்டு ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றங்களில் பெண்களுக்குக் கிடைத்த தண்டனை ஆண்களுடையதைவிட 29.2 சதவீதம் குறைவு. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்படும் வாய்ப்பும் பெண்களுக்கு 39.6 சதவீதம் அதிகம். எண்கள் சரியானவைதான். ஆனால் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வருவதில் பெரும்பகுதி போதைப்பொருள், குடியேற்றம், துப்பாக்கி, மோசடி வழக்குகள். குழந்தையைப் பட்டினி போட்ட வழக்கு அங்கே மாநில நீதிமன்றத்துக்குப் போகும். மோசடி செய்த பெண்ணுக்கு நீதிபதி காட்டும் இரக்கத்தை, தன் குழந்தையையே வதைத்த பெண்ணுக்கும் காட்டுவாரா? முழுப் பயிற்சியும் நிற்பதே இந்தக் கேள்வியில்தான். அந்த எச்சரிக்கையை முதல் விரிவுரையின் முதல் நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது விரிவுரையில்தான் சொல்கிறார்கள். அதற்குள் உரையாடல் குழுவில் பாதிப் பேர் அந்த 29.2ஐப் பிடித்துக்கொண்டு வாதாட ஆரம்பித்திருந்தார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒரு அட்டவணை. உடல்ரீதியான கொடுமை, புறக்கணிப்பு, பாலியல் குற்றம் மூன்றையும் 'குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள்' என்று ஒன்றாகக் கூட்டி, ஆண் பெண் தண்டனைகளை ஒப்பிடுகிறது. பாலியல் குற்றங்களில் தண்டிக்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் ஆண்கள், அவற்றுக்கான தண்டனையும் நீளம். புறக்கணிப்பு வழக்குகளில் பெண்கள் அதிகம், தண்டனை பெரும்பாலும் குறைவு. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கினால் பெண்ணுக்குச் சலுகை கிடைப்பதுபோலத்தான் தெரியும். உண்மையில் அங்கே தெரிவது இரண்டு வேறு குற்றங்களுக்கு இடையிலான வித்தியாசம். இதை நேரடி உரையாடலில் எடுத்துச் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள். அட்டவணை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சரி, நல்லவற்றுக்கு வருகிறேன்.

இரண்டாவது பகுதி, நீதிபதி பேனாவை எடுப்பதற்கு முன்பே என்னவெல்லாம் முடிந்துவிடுகிறது என்பது பற்றியது. 2012ல் சோன்யா ஸ்டார் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் செய்த ஆய்வை வைத்துத் தொடங்குகிறார்கள். அவர் தண்டனை நாளை மட்டும் பார்க்கவில்லை. கைது செய்த இடத்திலிருந்தே வழக்கைத் தொடர்ந்தார். ஃபெடரல் வழக்குகளில் ஆண்களின் தண்டனை சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேல் நீளம் என்று வந்தது. முந்தைய ஆய்வுகள் காட்டியதைவிட இது மிகப் பெரிய இடைவெளி. காரணம், எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது, எதை விட்டுக்கொடுத்து எந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வது என்பதெல்லாம் முன்னாலேயே நடந்துவிடுகிறது. ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனையா என்று மட்டும் பார்த்தால், அந்தக் குற்றம் எப்படி அந்தப் பெயரைப் பெற்றது என்பது கண்ணில் படாது.

இதைக் குழந்தைக் கொடுமைக்குப் பொருத்திக் காட்டிய விதம் மிக நன்று. ஒரே வீடு, ஒரே குழந்தை, இரண்டு பெரியவர்கள். எலும்பு முறிந்திருக்கிறது. யார் முறித்தார்கள் என்று இருவரும் வாய் திறக்கவில்லை. முன்பெல்லாம் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வழக்குகள் இருவர் மீதும் நிற்காமல் போய்விடும். அதற்காகத்தான் 2004ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: வீட்டில் இருப்பவர், குழந்தைக்குப் பெரிய ஆபத்து இருப்பது தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், நியாயமான நடவடிக்கை எடுக்காமல் குழந்தை இறந்துபோனால் அவரும் குற்றவாளி. 2012ல் கடுமையான காயத்துக்கும் அதை விரித்தார்கள். 2022ல் மரணத்துக்கு ஆயுள் தண்டனை வரை, காயத்துக்கு 14 ஆண்டு வரை என்று உயர்த்தினார்கள். சட்டத்தில் ஆண், பெண் என்று எதுவும் இல்லை. ஆனால் 'தெரிந்திருக்க வேண்டும்' என்ற பகுதி யார் மேல் விழுகிறது? குழந்தையைக் குளிப்பாட்டுபவர், உடை மாற்றுபவர், உடம்பில் தழும்பைப் பார்க்கக்கூடியவர் மேல். பெரும்பாலான வீடுகளில் அது அம்மா.

அப்புறம் அவர்கள் எடுத்த, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில வழக்கு. குழந்தைகளின் எலும்புகளை முறித்தவர் அம்மாவுடன் வாழ்ந்த ஆண். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதுவரை காவலில் இருந்த சுமார் இரண்டு ஆண்டே போதும், மீதிக்குக் கண்காணிப்பு என்று 2006ல் வெளியே வந்துவிட்டார். அடிக்காத தாய்க்கு, தடுக்கத் தவறியதற்காக, அதே ஆண்டில் 30 ஆண்டு. தண்டனை குறைக்கப்பட்டு அவர் வெளியே வந்தது 2019ல். அதற்குள் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். பெண்களுக்குத் தண்டனை குறைவு என்ற பொதுவான எண்ணும் உண்மை, இந்த வழக்கும் உண்மை. பெண் என்பதால் மென்மை காட்டும் அதே அமைப்பு, 'நல்ல தாய்' என்று மனதில் வைத்திருக்கும் படத்திலிருந்து ஒருத்தி விலகிவிட்டால் அவளை ஆணைவிடக் கடுமையாக நடத்தும். ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சுற்றிச் சுற்றி விவாதித்ததை இந்த ஒரு பாடம் தெளிவாக்கிவிட்டது.

பயிற்சியின் உயிர், கோப்பு மாற்றும் பயிற்சி. எல்லோருக்கும் ஒரே வழக்குக் கோப்பு. இரண்டு வயதுக் குழந்தை, தீக்காயம், பல நாள் மருத்துவரிடம் காட்டவில்லை, வீட்டில் தனியாக விட்ட நேரங்கள் உண்டு, குற்றவாளி மது அருந்துபவர், பழைய வழக்கு எதுவும் இல்லை. பாதிப் பேருக்குப் போன கோப்பில் குற்றவாளி தாய், மீதிப் பேருக்குப் போனதில் தந்தை. வேறு எந்தச் சொல்லும் மாறவில்லை. யாருக்கு எது போனது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் என்ன தண்டனை, ஏன் என்று எழுத வேண்டும். நீதிபதியிடம் கூடுதலாக என்ன கேட்பீர்கள் என்பதையும் எழுத வேண்டும்.

முடிவுகளைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டபோது உரையாடல் அறையே சற்று நேரம் பேசவில்லை. தந்தைக்கு எழுதிய தண்டனைகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் குவிந்திருந்தன: சிறை, மிதமான காலம். தாய்க்கு எழுதியவை இரண்டு பக்கமும் சிதறியிருந்தன. சிலர் சிறையே வேண்டாம், சிகிச்சையும் கண்காணிப்பும் போதும் என்றார்கள். சிலர் தந்தைக்கு எவரும் எழுதாத அளவு நீளமாக எழுதியிருந்தார்கள். சராசரி எடுத்தால் தாய்க்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அந்தச் சராசரிக்குள் எத்தனை பெரிய இழுபறி ஒளிந்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம்.

ஆனால் என்னை அதிகம் தாக்கியது கூடுதல் கேள்விகள். தாயின் கோப்பைப் பெற்றவர்கள் கேட்டவை: பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருந்ததா, கணவன் அடிப்பவனா, வேறு யாருடனாவது பழக்கமா, வீடு எப்படி இருந்தது, குழந்தை மேல் பாசம் உண்டா. தந்தையின் கோப்பைப் பெற்றவர்கள் கேட்டவை: வேலை இருக்கிறதா, முன்பு யாரையாவது அடித்திருக்கிறாரா, குழந்தையின் அம்மா எங்கே. அப்பா எங்கே என்று தாயின் கோப்பில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தந்தைக்கு மனச்சோர்வு இருந்திருக்குமா என்றும் யாரும் கேட்கவில்லை. கருணைக்குக் காரணம் தேடுவதும், குற்றத்தைப் பெரிதாக்கக் காரணம் தேடுவதும் தாயிடம்தான். தந்தையிடம் எதையும் தேடுவதே இல்லை. புறக்கணிப்பு வழக்குகளில் ஆண்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஒன்று, வழக்கிலேயே அவர்கள் பெயர் இருக்காது. இருந்தால், அவர்கள் வாழ்க்கையைப் பற்றி அறிக்கையில் இரண்டு வரிதான் இருக்கும். குறைந்த தண்டனைக்கு வேண்டிய காரணம் அந்த இரண்டு வரியில் எப்படி அகப்படும்?

மூன்றாவது பகுதி, தண்டனையால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பது. நான் எழுதி எழுதி மார்ஜின் நிரம்பிய பகுதி இதுதான். 1994ல் நெல்சன் மண்டேலா அதிபரானதும், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள தாய்மார்களைச் சிறையிலிருந்து விடுவித்தார். மனைவியை இழந்த ஒரு கைதி, எனக்கும் அந்த வயதில் பிள்ளை இருக்கிறது, தந்தை என்பதற்காக என்னை ஏன் விடுவிக்கவில்லை என்று நீதிமன்றம் போனார். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 1997ல், பிள்ளை வளர்ப்புச் சுமை நடைமுறையில் தாய்மார்கள் மேல்தான் இருக்கிறது, எனவே இது நியாயமற்ற பாகுபாடு ஆகாது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி க்ரீக்லர் மாறுபட்டார்: பெண்தான் பிள்ளை வளர்க்க வேண்டும் என்ற எண்ணத்தைச் சட்டமே உறுதிசெய்தால், அதன் விலையைக் கடைசியில் பெண்களே கொடுப்பார்கள் என்பது அவர் கருத்தின் சாரம். நான் க்ரீக்லர் பக்கம். பத்து ஆண்டு கழித்து, 2007ல், அதே நீதிமன்றம் மோசடி செய்த ஒரு தாயின் வழக்கில், 'பிள்ளைகளைப் பிரதானமாக வளர்ப்பவர்' யார் என்று பார்க்கச் சொன்னது. அந்த இடத்தில் ஆணும் இருக்கலாம், பாட்டியும் இருக்கலாம். நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பு, பிள்ளையைப் பெற்றவரின் வால்போல நடத்தக்கூடாது, அதைத் தனி மனிதராகப் பார்க்க வேண்டும் என்கிறது.

பயிற்சி இங்கே நிறுத்தாமல் இன்னொரு படி போனது. மண்டேலாவின் ஆணையில் சில குற்றங்களுக்கு விடுதலை கிடையாது. அந்தப் பட்டியலில் குழந்தைக் கொடுமையும் உண்டு. பெண் கைதிகளை நடத்துவது பற்றி ஐ.நா. பொதுச்சபை 2010ல் ஏற்ற பாங்காக் விதிகளில் 64ஆவது விதி, சார்ந்திருக்கும் பிள்ளைகள் உள்ள பெண்களுக்கு இயன்றவரை சிறையல்லாத தண்டனையைப் பரிந்துரைக்கிறது. குற்றம் கடுமையானதாகவோ வன்முறையாகவோ இருந்தால், பிள்ளையின் நலனையும் எண்ணிப் பார்த்துச் சிறையைக் கருதலாம் என்கிறது. சரி, குற்றத்தால் பாதிக்கப்பட்டவரே அந்தப் பிள்ளை என்றால்? அம்மாவைச் சிறைக்கு அனுப்பினால் பிள்ளை தவிக்கும் என்பதற்காக, அந்தப் பிள்ளையை வதைத்தவரையே வீட்டில் விடுவதா? இங்கிலாந்தின் தண்டனைக் குழு 2019 முதல் நடைமுறையில் வைத்திருக்கும் குழந்தைக் கொடுமை வழிகாட்டுதல் இதற்கு ஒரு படியே ஒதுக்கியிருக்கிறது. சிறைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது, நீதிபதி ஒரு அடி பின்வாங்கி, இந்தத் தண்டனை பாதிக்கப்பட்ட குழந்தைக்கு நல்லதா என்று பார்க்க வேண்டும். மற்றபடி அன்பாகவும் திறமையாகவும் வளர்த்தவர் என்றால் அது கூடுதலாகப் பொருந்தும். பொறுப்பைக் குறைக்கும் காரணங்களில், குற்றத்தோடு தொடர்புள்ள குடும்ப வன்முறைக்கு அவரே ஆளாகியிருப்பதும் ஒன்று. இதுவும் பெற்றவர், வளர்ப்பவர் என்றுதான் பேசுகிறது. தந்தைக்கும் பொருந்தும். அவருக்காக யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சட்டமே பாலினம் பார்க்கும் ஒரு இடத்தையும் தொட்டார்கள். இங்கிலாந்தின் 1938 சிசுக்கொலைச் சட்டம். 12 மாதத்துக்குட்பட்ட தன் குழந்தையைக் கொன்ற தாய், பிரசவத்தின் பாதிப்பிலிருந்து மீளாமல் மனநிலை குலைந்திருந்தால், கொலைக்குப் பதிலாக இந்தக் குறைந்த குற்றம். தாய்க்கு மட்டுமே. நான் நிறைய எதிர்பார்த்த பாடம். ஒரே விரிவுரையில் ஓடி முடித்துவிட்டார்கள். குழந்தை பிறந்தபின் ஆண்களுக்கும் மனச்சோர்வு வரும் என்பது இன்று மருத்துவர்கள் அறிந்த விஷயம். ஆனால் பிரசவத்தின் உடல் பாதிப்பை அதோடு சமமாக வைக்க முடியுமா என்ற கடினமான விவாதம் வேண்டும். அதை வைத்தே ஒரு வாரம் பேசியிருக்கலாம்.

தந்தைகள் பற்றிய பகுதியும் மெலிவு. தாய்மார்கள் இருவரின் குரல் பதிவு இருக்கிறது, தண்டனை அனுபவித்தவர்கள். இரண்டும் மனதை உலுக்கும். தந்தை ஒருவரின் குரல்கூட இல்லை. மாற்றாந்தந்தை, தாயுடன் வாழும் ஆண் ஆகியோரைப் பற்றித் தனியாக எதுவும் இல்லை. ஆண்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்று நிரூபித்த பயிற்சி, தானும் கேட்காமல் விட்டது எனக்கு வருத்தம்.

நடைமுறை விஷயங்கள்: காணொளி ஒலி தெளிவு, வசனவரிகள் சுமார், பெயர்களிலும் பிரிவு எண்களிலும் நிறையப் பிழை. தீர்ப்புகளில் சில மங்கலான ஸ்கேன் பிரதிகள். கைபேசியில் படிக்கவே முடியாது. எழுத்துப் பணிக்கு வந்த கருத்துரை தாமதம்தான். ஆனால் வரிக்கு வரி படித்து எழுதியிருந்தார்கள், இப்படி யாரும் செய்வதில்லை.

என் வேலையில் இதனால் என்ன மாறியது? எங்கள் அறிக்கைப் படிவத்தில் தாய்க்கு 'இல்லப் பராமரிப்பு' என்று ஒரு பத்தி, தந்தைக்கு 'தொழில், வருமானம்' என்று ஒரு பத்தி. இது சரியில்லை என்று பல காலமாகச் சொல்லிவருகிறேன். யாரும் காதில் வாங்கவில்லை. பயிற்சியின் கோப்பு மாற்றும் பாடத்தை மேலாளரின் அனுமதியோடு எங்கள் குழுவிலும் செய்து பார்த்தோம். அதே சிதறல், அதே கேள்விகள். இப்போது இருவருக்கும் ஒரே கேள்விப் பட்டியல்: குழந்தையை யார் கவனித்தார்கள், காயத்தை யார் எப்போது பார்த்தார்கள், உதவி கேட்க முடிந்ததா, வீட்டில் யாருக்கு யார் மேல் பயம், மனநலம், போதை, குழந்தைக்கு இனி யார். வழக்கில் பெயரே இல்லாத மற்றப் பெற்றவரைப் பற்றியும் ஒரு பத்தி கட்டாயம்.

சேர நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. மூன்றாவது விரிவுரையை முதலில் பாருங்கள், பிறகு ஒன்றாவதுக்குப் போங்கள். அந்த அட்டவணையை விட்டுவிடுங்கள். நேரடி உரையாடல்களைத் தவறவிடாதீர்கள், அவற்றுக்குப் பதிவு கிடையாது. கோப்பு மாற்றும் பயிற்சி வருவதற்கு முன் இந்த மதிப்புரையை மறந்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. தெரிந்துகொண்டு எழுதினால் அதன் பயன் பாதியாகிவிடும். குரல் பதிவுகளைத் தனியாக இருக்கும்போது கேளுங்கள், வேலை நாளின் நடுவில் வேண்டாம்.